பென்சிலைக் கண்டு ஓடும் பிள்ளைக்கு வீட்டில் எதைக் கற்பிப்பது?

கேள்வி: என் மகளுக்கு நாலு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன, வருகிற ஆனியில் ஐந்து நிறையும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மாமியோடு வசிக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகளை ஆறு மாதம் முன்பள்ளிக்கு அனுப்பினேன். தினமும் இரண்டு பக்கம் எழுத்து வேலை கொடுத்தார்கள். காலையில் அழுகை, மாலையில் அழுகை, கடைசியில் பென்சிலைக் கண்டாலே ஓடத் தொடங்கினாள். ஆவணியோடு நிறுத்திவிட்டேன். பிறகு நானே நேர அட்டவணை போட்டு, காலை 8 மணி முதல் 11 மணி வரை பயிற்சித்தாள்களைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு கிழமைக்குள் வீட்டிலும் அதே அழுகை. மாமி, "பிள்ளையை மக்காக்கப் போறாய்" என்கிறா. நான் உயர்தரம் வரை படித்தவள். ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லை. என்னால் வீட்டில் கற்பிக்க முடியுமா? என்ன புத்தகம் வாங்க வேண்டும்? ஆங்கிலத்தை எப்போது தொடங்குவது? இன்னொன்று, நிலாவரைக் கிணற்றுக்குப் போய், அதற்கு அடியே இல்லை என்று மாமி சொன்ன நாள் முதல், "எங்கட கிணத்துக்கு அடி இருக்கோ?" என்று தினமும் கேட்கிறாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ஒரு தாய், கொக்குவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிள்ளையின் அழுகையை 'பழகிவிடும்' என்று விட்டுவிடாமல், அது எதனால் வருகிறது என்று நின்று யோசித்த ஒரு தாயின் கடிதம் அது. போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கிணற்றுக் கேள்விதான் என் பார்வையில் கடிதத்தின் மிக முக்கியமான வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சட்டத்தையும் காலத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம்; முன்னர் 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் உயர்த்தப்பட்டது. முன்பள்ளி கட்டாயமன்று. தரம் 1இல் சேர்வதற்கு அந்த ஆண்டின் ஜனவரி 31ஆம் திகதியன்று பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், உங்கள் மகளுக்கு வருகிற ஜனவரியில் அல்ல, அதற்கடுத்த ஜனவரியிலேயே பாடசாலை. ஆகவே உங்கள் கையில் ஏறத்தாழ 15 மாதங்கள் இருக்கின்றன. விண்ணப்பங்கள் வழமையாக முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரப்படும். அதை மட்டும் தவறவிடாதீர்கள். தரம் 1 வந்ததும் அவளைப் பாடசாலைக்கு அனுப்புங்கள் என்பதே என் ஆலோசனை. வீட்டிலேயே தொடர்ந்து வைத்திருப்பது முற்றிலும் வேறான முடிவு. அந்த எண்ணம் எப்போதாவது வந்தால், அயலவர் சொல்வதை நம்பாமல் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, எழுத்திலேயே பதிலைப் பெற்ற பின்னர் முடிவெடுங்கள். ஆனால் இந்த 15 மாதங்களும் முழுமையாக உங்களுடையவை. அவற்றை வீட்டில் கழிப்பதால் உங்கள் மகள் எதையும் இழக்கப்போவதில்லை. பின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயதாகும் ஆண்டில்தான் முதலாம் வகுப்பிற்குச் செல்கிறார்கள்.

இனி, வீட்டில் அந்த இரண்டு கிழமையும் நடந்ததைப் பார்ப்போம். முன்பள்ளியில் அழவைத்த அதே தாளும் அதே பென்சிலும் வீட்டுக்கு வந்தன; ஆசிரியர் மட்டும் மாறினார். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது முன்னையதிலும் கடினமானது. ஏனென்றால், அங்கே அழுதுவிட்டு ஓடிவர ஓர் அம்மா இருந்தார்; இங்கே அந்த அம்மாவே ரீச்சராகிவிட்டார். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் மூத்த மகனுக்கு மூன்றரை வயதானபோது நானும் இதையே செய்தேன். அப்போது நான் பயிற்றப்பட்ட ஆசிரியை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. மாலையில் விறாந்தையில் இருத்தி, கொப்பியில் புள்ளிகளை இணைக்கச் சொல்வேன். ஒரு நாள் அவன் 'அ' எழுத வேண்டிய இடத்தில் பென்சில் முனையை ஊன்றி, தாள் கிழியும்வரை அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தான். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கிழிந்த பக்கத்தை இன்றும் வைத்திருக்கிறேன். பின்னர் முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்த ஆண்டுகளில், ஒவ்வொரு புதிய குழுவுக்கும் முதல் நாள் அதைக் காட்டிவிட்டே தொடங்கினேன்.

எழுதுவது நாலு வயதுக் கைக்கு ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது? மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை ஒவ்வொன்றாகக் கடினமாகின்றன. நாலு வயதில் அவற்றுள் சில மட்டுமே எலும்பாகியிருக்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து ஒரு சிறு பொருளை அழுத்தாமலும் நழுவவிடாமலும் பிடிக்கும் பலம் வேறு வேலைகளால் வந்த பின்னரே பென்சில் கையில் நிற்கும். அந்த வேலைகள் எல்லாம் உங்கள் குசினியில் இருக்கின்றன. சின்ன வெங்காயத்தின் தோலை நகத்தால் கிள்ளி உரிப்பது, சுளகில் பரப்பிய பருப்பில் கல் பொறுக்குவது, திருவிய தேங்காய்ப்பூவைப் பிழிந்து பாலெடுப்பது, கொழுக்கட்டைக்கு விளிம்பு மடிப்பது, மாவை மூன்று விரலால் எடுத்துக் கோலம் இழுப்பது ஆகிய ஒவ்வொன்றும் எழுதும் கைக்கான பயிற்சியே. 1907இல் உரோமில் தமது முதலாவது பிள்ளைகள் இல்லத்தைத் திறந்த மரியா மொன்ரிசோரி, நீர் ஊற்றுதல், துடைத்தல், பொத்தான் பூட்டுதல் போன்ற அன்றாட வேலைகளைப் பயிற்சியின் அடித்தளமாக வைத்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து அங்கேயே ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அதற்கென மரத்தில் செய்த விலையுயர்ந்த பொருட்களை இன்று கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எதையும் வாங்க வேண்டாம். சுளகும் பேணியும் புட்டவிக்கும் நீத்துப்பெட்டியும் உள்ள வீட்டில் அவற்றுக்கு என்ன தேவை?

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். காலையில் மூன்று மணி நேரத்தைப் 'படிப்பு' என்று ஒதுக்குகிறீர்கள். அது முடிந்ததும் சமையலுக்குப் போய், "கரைச்சல் தராமல் தள்ளிப்போய் விளையாடு" என்கிறீர்கள். இதைத் திருப்பிப் போடுங்கள். படிப்பு நேரத்தை எடுத்துவிடுங்கள். வேலை நேரத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொம்மைச் சட்டியில் பொய்ச் சமையல் வேண்டாம். இன்றிரவு எல்லோரும் உண்ணப்போகும் புட்டில் அவளுக்கு உண்மையான ஒரு பங்கு இருக்க வேண்டும். அவள் அதைச் செய்யும்போது நீங்கள் அருகில் இருந்து அவளோடு கதைக்க வேண்டும். வேலை இரட்டிப்பு நேரம் எடுக்கும், மா நிலத்தில் சிந்தும். முதல் மாதத்தில் உங்கள் பொறுமைக்குத்தான் பெரிய பயிற்சி. ஒவ்வொரு வேலையிலும் சேர்க்க முயன்றால் நீங்கள் களைத்துவிடுவீர்கள். நாளுக்கு இரண்டு வேலை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம், போதும்.

புட்டையே எடுத்துக்கொள்வோம். எத்தனை பேர் சாப்பிடப் போகிறோம் என்று அவள் எண்ணட்டும்: அம்மா, அப்பம்மா, நான். ஆளுக்கு ஒரு சுண்டு மா என்றால் எத்தனை சுண்டு? சுண்டை நிரப்பி, மேலே மிகுந்ததைக் கையால் வழித்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கொட்டும்போது அவளே எண்ண வேண்டும். சுடுநீரை நீங்கள் ஊற்றுங்கள். மா ஆறியதும் உதிர்ப்பதை அவளிடம் விடுங்கள். "எப்ப காணும் எண்டு உன்ரை கை சொல்லும்" என்று சொல்லுங்கள். நீர் குறைந்தால் மா பறக்கும், கூடினால் கட்டியாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தை விரலால் கண்டுபிடிக்கும் பிள்ளை, ஒன்றைச் செய்து பார்த்துத் திருத்தும் வழக்கத்தைக் கற்றுக்கொள்கிறாள். நீத்துப்பெட்டியில் ஆவி மேலே வருவதைத் தூர நின்று பார்க்கட்டும், மூடியின் உட்புறத்தில் துளிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாமல், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். கொதிநீர், அடுப்பு, அருவாள் மூன்றும் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கணக்கு என்றால் 1 முதல் 100 வரை ஒப்புவிப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நூறு வரை தடையின்றிச் சொல்லும் பிள்ளையிடம், "ஆறு வெங்காயம் எடுத்துத் தா" என்று கேட்டால் கை நிறைய அள்ளிக்கொண்டு வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எண்ணின் பெயர்களைச் சொல்வது ஒரு பாட்டு. ஒரு பொருளுக்கு ஒரு பெயர், கடைசியாகச் சொன்ன பெயரே மொத்தத்தின் அளவு என்று விளங்கிக்கொள்வது வேறொரு படி. அந்தப் படியை அவள் கையால்தான் ஏறுவாள். ஆகவே பத்துக்குள்ளேயே நில்லுங்கள். அயலிலுள்ள திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும்போது, கத்தரிக்காய் ஐந்தும் எலுமிச்சை மூன்றும் தெரிந்து கூடையில் போடுவது அவளுடைய பொறுப்பாக இருக்கட்டும். நண்டு வாங்கினால் கால்களை எண்ணட்டும். கொடுக்கு இரண்டையும் சேர்த்தால் பத்து, சேர்க்காவிட்டால் எட்டு. இந்தச் சண்டையை அவளோடு உண்மையாகவே போடுங்கள்.

ஒரு சிறு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு கிளாஸில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டும் சமமா என்று கேளுங்கள், சமம் என்பாள். அவள் கண் முன்னாலேயே ஒன்றை ஒடுங்கி உயர்ந்த போத்தலில் ஊற்றிவிட்டு, இப்போது எதில் கூட என்று கேளுங்கள். பெரும்பாலும் போத்தலைக் காட்டுவாள். சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாஜே விவரித்துக் காட்டிய இந்தத் தடுமாற்றம் இந்த வயதுக்கு இயல்பானது. ஏறத்தாழ ஏழு வயதளவில் பிள்ளைகள் தாமாகவே அதைத் தாண்டுகிறார்கள். "பிழை" என்று சொல்லித் திருத்துவதால் எந்தப் பயனும் இல்லை. பேணியிலிருந்து கிளாஸுக்கும், கிளாஸிலிருந்து சிரட்டைக்கும், சிரட்டையிலிருந்து மீண்டும் பேணிக்கும் அவள் பல நூறு தடவை ஊற்றி விளையாட வேண்டும். குளிக்கும் நேரத்தில் அந்த விளையாட்டுக்குப் பத்து நிமிடம் கூட்டிக் கொடுங்கள். மாமி தண்ணீர் வீண் என்று சொன்னால், வாழை அடியில் வைத்து விளையாடச் சொல்லுங்கள்.

மாமியைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஓர் ஆறும் இல்லாத இந்த மண்ணில் பல குடும்பங்களுக்குப் படிப்பே சொத்தாக இருந்தது. காணியையும் வீட்டையும் விட்டு ஓடிய காலத்தில் கூடவே வந்தது அது மட்டுந்தான். மரநிழலிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன, பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் காலத்தைக் கடந்து வந்த ஒருவருக்கு, கொப்பியில்லாமல் முற்றத்தில் நிற்கும் பேத்தி நெஞ்சில் நெருப்பாகத்தான் இருப்பாள். அவரோடு வாதிட வேண்டாம். அவருக்குத் தெரிந்ததும் உங்களுக்கும் எனக்கும் அவ்வளவு தெரியாததுமான ஒரு பாடத்தை அவரிடமே ஒப்படையுங்கள்.

அது பனங்கிழங்குப் பாத்தி. இது புரட்டாசி, பனம்பழம் இன்னும் கிடைக்கும் காலம். அப்பம்மாவும் பேத்தியும் சேர்ந்து பழம் பொறுக்கி வரட்டும். பழத்தைப் பிய்த்தால் உள்ளே பெரும்பாலும் மூன்று கொட்டை, சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ஒன்று. அவற்றை மூன்று குவியலாகப் பிரித்து வைத்து, எந்தக் குவியல் பெரிது என்று பார்க்கட்டும். வளவின் ஒரு மூலையில் மண்ணைக் கொத்தி உயர்த்திப் பாத்தி கட்டி, பன்னிரண்டு கொட்டைகளை அடுக்கி, மேலே மண் தூவச் சொல்லுங்கள். எல்லாக் கொட்டைகளையும் தை மாதம் வரை காத்திருந்து ஒன்றாகக் கிண்டுவதுதான் வழக்கம். நீங்கள் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒன்றை மட்டும் கிண்டி எடுங்கள். முதலில் ஒரு முளை வெளிவந்து, மேலே வராமல், மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்குவதைக் காண்பாள். 'செடி மேலேதான் வளரும்' என்று நினைத்திருந்த பிள்ளைக்கு அது பெரிய அதிசயம். கொட்டையை வெட்டினால் உள்ளே பூரான் எனப்படும் வெண்பருப்பு, அதைத் தின்னலாம். பிறகு எடுப்பவற்றில் பூரான் சுருங்கிவர, கிழங்கு தடித்துவரும். கொட்டைக்குள் இருந்த சாப்பாடு எங்கே போனது என்று அவளே கேட்பாள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் பாத்தியில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவது கழித்தல் கணக்கு. எடுத்ததைக் கொப்பியில் படமாகக் கீறி வைப்போமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மறுத்தால் நீங்களே கீறுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது கொட்டையின்போது, "நீங்கள் முளையை நீளமாய்க் கீறியிட்டியள்" என்று சொல்லி உங்கள் கையிலிருந்து பென்சிலை வாங்குவாள் என்பது என் அனுபவம். தையில் கடைசிக் கிழங்குகளை அவித்து உண்ணும்போதும், மிச்சத்தைக் கிழித்து ஒடியலுக்குக் காயவைக்கும்போதும், நான்கு மாதம் என்றால் எவ்வளவு நீளம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். சுவரிலுள்ள நாட்காட்டி அதை ஒருபோதும் சொல்லிக் கொடுக்காது.

மொழிக்கு வருவோம், இதில்தான் வீடு முன்பள்ளியை விட மிக முன்னால் நிற்கிறது. முப்பது பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியை ஒரு பிள்ளையோடு தனியாக எத்தனை நிமிடம் கதைக்க முடியும்? நீங்கள் நாள் முழுவதும் கதைக்கலாம். ஆனால் "வா, இரு, சாப்பிடு, தொடாதை" என்ற ஏவல்கள் கதையாகா. அவள் ஒன்று சொன்னால் அதைப் பற்றிக்கொண்டு நீங்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்வது, பின்னர் அவள் சொல்லும்வரை காத்திருப்பது, இதுவே கதை. "நாய் ஓடுது" என்றால், "ஓம், அந்தக் கறுத்த நாய் மதிலைத் தாண்டி ஓடுது, ஏன் ஓடுதெண்டு நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். வீட்டில் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சிலேயே கதையுங்கள். பிள்ளைக்காகப் புத்தகத் தமிழ் பேச வேண்டாம். அதே வேளை தினமும் ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுத்துத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நாம் கதைக்கும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் இடையில் நல்ல தூரம் இருக்கிறது; 'வந்திட்டுது' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை 'வந்துவிட்டது' என்பதை முதன்முதலாகத் தரம் 1 புத்தகத்தில் சந்திக்கும்போது, எழுத்தோடு சேர்த்து மொழியையும் புதிதாகக் கற்க வேண்டியவளாகிறாள். நாளுக்குப் பத்து நிமிடம் மடியில் இருந்து கேட்ட பிள்ளைக்கு அந்தச் சிரமம் இல்லை. புத்தகங்களுக்கு உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையையும், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியையும் பயன்படுத்துங்கள். கிழமைக்கு ஒரு நாள் அங்கே போய் வருவதே அவளுக்கு ஒரு திருவிழா. பயிற்சிப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம்.

எழுத்துகளைப் பற்றி நீங்கள் பதறத் தேவையில்லை. தமிழில் 247 எழுத்துகள் என்று கேட்டதும் மலைப்பு வருகிறது. ஆனால் அவற்றுள் 216 உயிர்மெய்களும், 12 உயிரும் 18 மெய்யும் சேரும் ஒழுங்கிலிருந்து பிறப்பவை. அந்த ஒழுங்கு பிடிபட ஆண்டுகள் எடுக்கும், பாடசாலையில் அதற்கு நேரம் இருக்கிறது. இப்போது காது பழகினால் போதும்: 'ப'வில் தொடங்கும் பொருட்களை வீட்டில் தேடுவது, 'பனை' என்பதைப் 'ப', 'னை' என்று கை தட்டிப் பிரிப்பது போன்ற விளையாட்டுகள். அவளாகவே ஓர் எழுத்தைக் கேட்டால் அப்போது காட்டுங்கள். கேட்டால் என்ன தொடங்குவது என்பீர்களானால், ப, ட, ம ஆகிய மூன்றையும் சொல்வேன். நேரான கோடும் எளிய வளைவும் கொண்டவை. மூன்றும் சேர்ந்து, 'ம'வுக்கு மேல் புள்ளி வைத்தால் படம், நடுவில் ஒரு 'ட்' கூடினால் பட்டம். தைப்பொங்கலை ஒட்டி வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்து வந்த பிள்ளை அந்தச் சொல்லை எழுத விரும்புவாள். எழுதுவதும் கொப்பியில் வேண்டாம்; முற்றத்து மணலில் விரலால், சீமெந்துத் தரையில் ஈரத் தும்புத்தடியால், சுளகிலுள்ள அரிசியில். ஏடு தொடக்கும்போது நாம் செய்தது என்ன? பிள்ளையை மடியில் இருத்தி, அதன் கையை நம் கையில் பிடித்து, அரிசியில் எழுதினோம். அந்த முதல் நாளில் இருந்த அன்பும் நிதானமும் இரண்டாம் நாளில் காணாமற் போக வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்கு அவசரம் இல்லை. நீங்கள் இயல்பாகப் பேசாத மொழியில் அவளோடு பேச முயன்றால், அவளுக்குக் கிடைக்க வேண்டிய கதை பாதியாகிவிடும். ஒரு மொழியில் காரணம் கேட்கவும் கதை சொல்லவும் பழகிய பிள்ளை அடுத்த மொழியைத் தாங்கிக்கொள்ளும்.

கைத்தொலைபேசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் திரை முன் அமர்ந்திருக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்றும், குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. அதே வழிகாட்டல் நாளுக்கு மூன்று மணித்தியால உடல் அசைவையும், 10 முதல் 13 மணித்தியால உறக்கத்தையும் கேட்கிறது. அப்பாவோடு பேசும் நேரத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அந்தப் பேச்சை, "அப்பாக்கு ராரா சொல்லு" என்பதோடு முடித்துவிடாதீர்கள். பாத்தியில் இன்று என்ன கண்டாள் என்பதை அப்பாவுக்கு அவள் முதலிலிருந்து முடிவு வரை சொல்லட்டும். அங்கே இல்லாத ஒருவருக்கு, காணாத ஒன்றை விளங்கச் சொல்வது இந்த வயதில் பெரிய மொழிப்பயிற்சி. தொலைவில் உள்ள தகப்பனும் அதனால் மகளின் படிப்பில் பங்காளியாகிறார். இங்கே இரவு 7 மணி ஆகும்போது கட்டாரில் மாலை 4.30. அப்பாவின் யன்னலில் இன்னும் வெயில் இருப்பதைக் காட்டி, "எங்களுக்கு இருட்டு, அப்பாக்கு ஏன் வெளிச்சம்?" என்று அவரையே கேட்கச் செய்யுங்கள். ஒரு விளக்கும் தோடம்பழமும் இருந்தால் அதற்கு விடை சொல்லிவிடலாம்.

வீட்டில் வைத்திருப்பதில் உண்மையான குறை ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். மற்றப் பிள்ளைகள் இல்லை. தன் முறை வரும்வரை காத்திருப்பது, தோற்பது, கோபித்துப் பின் சேர்வது எதையும் பெரியவர்களோடு மட்டும் பழகிக் கற்க முடியாது. எனவே கிழமைக்கு நான்கு மாலையாவது அயல் பிள்ளைகளோடு ஒளித்துப் பிடித்தும் கொக்கான் வெட்டியும் விளையாட வழி செய்யுங்கள். நீங்கள் தூர இருந்து பார்த்தால் போதும். ஒவ்வொரு பிணக்குக்கும் நடுவராகப் போக வேண்டாம். தரம் 1க்கு முந்திய சில மாதங்களில், எழுத்து வேலை கொடுக்காத, விளையாட்டை நம்பும் ஒரு முன்பள்ளி அயலில் கிடைத்தால், கிழமைக்கு இரண்டு நாள் அனுப்பிப் பார்ப்பதும் நல்லது. அவள் வெறுப்பது பிள்ளைகளையா, பென்சிலையா என்பது அப்போது தெரியவரும். பென்சிலைத்தான் என்று நான் நினைக்கிறேன். இருந்தாலும், கூப்பிட்டால் திரும்பாமை, அயலார்க்கு விளங்காத பேச்சு, பொருட்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தல் போன்றவை இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இருந்தால், காத்திருக்காமல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிக் காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

உங்களால் முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். உயர்தரம் படித்தது மிகவும் போதும்; படிக்காத தாய்மார் இதை வெகு அழகாகச் செய்ததையும் கண்டிருக்கிறேன். நேர அட்டவணைக்குப் பதிலாக ஒரு கொப்பி வைத்திருங்கள். இரவில் படுக்கப் போகும்முன், அன்று அவள் கேட்ட ஒரு கேள்வியையும், அவள் தானாகச் செய்து முடித்த ஒரு காரியத்தையும் திகதியிட்டு எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து மாமிக்கு அதை வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது கிணற்றுக் கேள்வி. நிலாவரைக்கு அடியில்லை என்பது எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது. மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர்நீர் என்பதும், எங்கள் நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லில் மழைநீர் இறங்கிக் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது என்பதும் உங்கள் அறிவுக்கு. நாலு வயதுப் பிள்ளைக்கு அவை வேண்டாம். அப்பம்மா சொன்னது பிழை என்றும் சொல்ல வேண்டாம். அவள் கேட்டது நிலாவரையைப் பற்றி அல்ல, உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி. அதற்கு விடை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவளே காணலாம்.

ஒரு நீளக் கயிற்றின் நுனியில் கைக்கடக்கமான கல் ஒன்றைக் கட்டுங்கள். கிணற்றுக் கட்டுக்கு வெளியே அவளை நிறுத்தி, ஒரு கையால் அவள் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர் பிடிக்காமல் கிணற்றடிக்கு வருவதில்லை என்பதை அன்றே, அந்த இடத்திலேயே, சட்டமாகச் சொல்லிவிடுங்கள். கயிற்றை இருவருமாக மெல்ல விடுங்கள். கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கும். இன்னும் விட்டால், ஓரிடத்தில் கயிறு இழுவை இழந்து கையில் தளரும். அந்தத் தளர்வை அவள் கை உணர வேண்டும். அதுதான் அடி. கட்டின் விளிம்போடு கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, மேலே இழுத்து, முற்றத்தில் நீட்டி வைத்துப் பாருங்கள். கல் முதல் ஒரு பகுதி ஈரம், முடிச்சு வரை மிச்சம் காய்ந்தது. ஈரம் எத்தனை அடி என்று தன் பாதத்தால் அளந்து நடக்கட்டும்; அது கிணற்றில் நிற்கும் தண்ணீர். புரட்டாசியில் அது குறைவாகத்தான் இருக்கும். மாரி மழை விழுந்த பின், கார்த்திகைக் கடைசியில் மீண்டும் விட்டுப் பாருங்கள்: முடிச்சு அதே இடத்தில் இருக்கும், ஈரம் மட்டும் மேலே ஏறியிருக்கும். அளந்து முடிந்ததும் கயிற்றை விறாந்தைத் தூணோரம் தரையிலிருந்து மேல்நோக்கிப் பிடித்து, ஈரம் எட்டிய இடத்தில் தூணில் ஒரு கோடு போட வேண்டும் என்று சொல்லுங்கள். எட்டாவிட்டால் அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். கோடு போடப் பென்சில் எங்கே என்று அவளே தேடட்டும்.